வெள்ளை மீசைக்கு மெழுகு

"மீசைக்குப் போடற மெழுகு இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு நான் கவுன்ட்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன். அறுபத்து மூன்று வயதில், ஒரு கையில் மருந்துப் பையும் இன்னொரு கையில் குடையுமாக, ஆண்களின் தாடி மீசைக்கு மட்டுமே சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்திருக்கிறேன். புரசைவாக்கத்தில் இப்படி ஒரு கடை இருப்பதே வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிப் பெண் சொல்லித்தான் தெரியும். கவுன்ட்டர் பெண் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டையில் பிரிசில்லா என்று பெயர் குத்தியிருந்தாள். "நிறைய இருக்கும்மா, யாருக்கு?" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு" என்றேன். சொன்னதும் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. வெளியாட்களிடம் எங்க வீட்டுக்காரர் என்று நிமிர்ந்து நின்று நான் சொன்ன தடவைகள் எத்தனை இருக்கும். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தலைவலித் தைல டப்பி மாதிரி சில, ஷூ பாலிஷ் டப்பா மாதிரி சில, லிப்ஸ்டிக் போலத் திருகினால் மேலே வருகிற குச்சி ஒன்று. இத்தனையா. ஒரு மீசையை நிறுத்தி வைக்க இத்தனை டப்பாவா. அவர் ஒரே ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டினாரே. "எவ்வளவு நீளம்மா இருக்கும்?" என்று பிரிசில்லா கேட்டாள். நான் ஆள்காட்டி விரலை நீட்டி இரண்டு கணு வரைக்கும் காட்டினேன். "முறுக்கி விடணும்மா. ரெண்டு முனையும் மேல பார்த்து நிக்கணும்." நாலு மாதத்து வளர்ச்சி. பங்குனியில் விழுந்தார், இப்போது ஆடி. வலது கையும் வலது காலும் போய், வலது கன்னம் தளர்ந்து இறங்கி, பேச்சும் போய்ப் படுத்த பிறகு, சவரத்துக்கு வீட்டுக்கு ஆள் வரவழைத்தேன். "மீசையை எடுத்துடட்டுமாம்மா?" என்று சவரத்துக்கு வந்தவர் முதல் நாள் கேட்டபோது, "வேணாம், விட்டுடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல், காய்ச்சல் வந்த நாளிலும், தன் கையாலேயே மேலுதட்டை வழித்துக்கொண்டிருந்த மனுஷன். அந்தக் கை விழுந்த பிறகுதான் மீசைக்கு வளர்ந்துகொள்ள வழி கிடைத்தது.

"சார் வெயில்ல நிக்கிற வேலையா, ஏசியில உக்கார்ற வேலையா?" என்று அவள் கேட்டாள். வெயில்ல நின்னா மெழுகு இளகிடும்மா, அதுக்கு இந்த கெட்டியான டைப் வேணும், உள்ள இருக்கிறவங்களுக்கு இது போதும், என்று அவள் விளக்கிக்கொண்டே போனாள். அவள் தெரிந்து கேட்ட கேள்வி இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு காலத்தில் பொய் சொன்னேன். வெயிலில் நின்றவர்தான் அவர். இருபத்தாறு வருஷம். அண்ணா சாலைப் பக்கம் அந்தப் பெரிய ஹோட்டலின் வாசலில், சிவப்புத் தலைப்பாகையும் பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கோட்டும் போட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில், கார்க் கதவைத் திறந்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, கும்பிட்டு வரவேற்கிறவர். தணிகாசலம் என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, மீசைக்காரர் என்றால்தான் தெரியும். அந்த மீசைக்குத்தான் அவருக்கு அந்த வேலை. வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஹோட்டல் விளம்பரத்தில் ஒரு வருஷம் அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் இருபது நிமிஷம் நிற்பார். கட்டைவிரல் நகத்தால் மெழுகைச் சுரண்டி, அடுப்புத் தீயில் லேசாகக் காட்டி, விரல்களுக்கு நடுவில் உருட்டி... அதற்கு மேல் எனக்குத் தெரியாது. சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று பின்னால் நின்று அவசரப்படுத்துவேன், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து தினமும் நடந்த ஒரு காரியத்தை நான் ஒரு நாளும் முழுசாகப் பார்க்கவில்லை. "முன்னாடி என்ன பிராண்டும்மா போட்டுட்டிருந்தார்?" "பச்சை மூடி" என்றேன். "பேர் தெரியாது."

அந்தப் பச்சை மூடி டப்பா கடைசியாக என் கையில்தான் இருந்தது. அவர் மீசையை எடுத்த பிறகு அதைத் தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். ரெண்டு மூணு வருஷம் கழித்துப் பரணைச் சுத்தம் செய்யும்போது, அவருடைய பழைய ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைத்திருந்தது அகப்பட்டது. கால்வாசி மெழுகு மிச்சம், கல்லாகிப் போயிருந்தது. நான் அப்போது வீட்டில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். ஹூக் கட்டுகிற நூல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க மெழுகில் இழுத்துக்கொள்வோம். நல்லதாப் போச்சு என்று எடுத்துத் தையல் மெஷின் டிராயரில் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார். நூலை அந்த மெழுகின்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, சர்ரென்று இழுப்பேன், அதில் கோடு கோடாக விழும். ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "உங்க மெழுகு நல்லா ஆகுது" என்று நான்தான் சொன்னேன். அவர் "ம்" என்றார். தீர்ந்ததும் டப்பாவைக் குப்பையில் போட்டேன். யார் யாருடைய பிளவுஸ் ஹூக்கிலோ அவருடைய மெழுகு போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அந்த "ம்" எனக்குக் காதிலேயே விழவில்லை. இப்போது கவுன்ட்டருக்கு முன்னால் நிற்கும்போது விழுகிறது. இதை எல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது. பிரிசில்லா என் புறங்கையில் ஒவ்வொரு மெழுகிலும் கொஞ்சம் தடவி, "மோந்து பாருங்கம்மா, வாசனையில கண்டுபிடிச்சிடலாம்" என்கிறாள். சந்தன வாசனை ஒன்று. காப்பி வாசனையாம் ஒன்று. வெறும் தேன்மெழுகு ஒன்று, கோவில் திருவிழாவுக்கு மறுநாள் மாதிரி ஒரு மணம். எதுவும் அது இல்லை. அது எப்படி இருக்கும்? பக்கத்தில் வந்து படுக்கும்போது அடிக்குமே. மெழுகு, மண்ணெண்ணெய், வியர்வை, கோட்டுத் துணியின் இஸ்திரி வாசனை, எல்லாம் சேர்ந்து ஒன்று. முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குத்துது என்பேன். திருப்பிக்கொண்ட முகத்துக்கு வாசனை எப்படி ஞாபகம் இருக்கும்.

இத்தனைக்கும் அவர் கெட்ட மனுஷன் இல்லை, குடிக்க மாட்டார், கை நீட்டினதில்லை, எங்கள் மகள் யமுனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தீவுத்திடல் பொருட்காட்சி முழுக்க நடந்தவர். எனக்குத்தான் அந்த வாசல் பிடிக்கவில்லை. எல்லாம் ஒரு மழை நாளில் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன், ஹோட்டல் வாசலுக்கு நேராக பஸ் நின்றது. காரிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணுக்கு அவர் பெரிய குடை பிடித்துக்கொண்டு நடந்தார். குடை முழுசும் அவளுக்கு. அவர் தொப்பலாக நனைந்து, மெழுகு பிடி விட்டுப்போய், மீசை ரெண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள். "ஐயோ அந்த மீசையப் பாருடி, நனைஞ்ச பூனை மாதிரி" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படியே பின்னால் திரும்பி என்னையும் பார்த்துச் சிரித்தாள், பஸ்ஸில் சும்மா பக்கத்தில் இருக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி. நானும் சிரித்தேன். சிரித்தேன். அதுதான். என் புருஷன் என்று சொல்லியிருக்க வேண்டாம், சும்மா இருந்திருக்கலாம். அந்தச் சிரிப்பை அவர் பார்க்கவில்லை, அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டே, "இன்னிக்கு உன் பஸ்ஸு நம்ம வாசல்ல நின்னுதே, நீ ஜன்னல் சீட்ல இருந்தே இல்ல?" என்றார். "இல்லையே, நான் மார்க்கெட்டுக்கே போகலை" என்றேன். கூடை நிறைய கத்தரிக்காய் பக்கத்தில் இருந்தது.

"வெள்ளை மீசையாம்மா, கறுப்பா?" "வெள்ளைதான். பஞ்சு மாதிரி." "அப்ப இந்த மஞ்சள் மெழுகு வேணாம். வெள்ளையில போட்டா கறை புடிச்ச மாதிரி தெரியும். நிறம் இல்லாததா எடுத்துக்கோங்க." அவள் பாதி டப்பாக்களை ஒதுக்கிவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, குறையக் குறையத் தேர்ந்தெடுப்பது சுலபம் என்று. ஆனால் மிச்சம் இருந்த நாலைந்தும் ஒரே மாதிரி இருந்தன. சாப்பாட்டை நினைத்துப் பார்த்தேன். கஞ்சி ஊட்டும்போது வலது பக்கமாக வழியும், மீசையில் ஒட்டும், துடைக்கத் துடைக்க மெழுகும் வந்துவிடாதா. வாசனை பலமாக இருந்தால் அவருக்குக் குமட்டும். கெட்டியாக இருந்தால் நான் இழுத்துத் தடவ வேண்டும், உதடு வலிக்கும், வலிக்கிறது என்று அவரால் சொல்லவும் முடியாது. சொல்ல அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே வார்த்தை. டாக்டர் சொன்னார், சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிப் போகும், அது எது என்பது நம் கையில் இல்லை என்று. அவருக்குத் தங்கினது "வாங்க". தண்ணீர் வேண்டுமென்றால் வாங்க. வலித்தால் வாங்க. படுக்கையை மாற்றும்போது அழுதுகொண்டே வாங்க, வாங்க. பெற்ற மகள் பெயர் போயிற்று, என் பெயர் போயிற்று, எந்த வார்த்தையை அவர் வாசலில் நின்று சொல்கிறார் என்று நான் கூசினேனோ அது மட்டும் நின்றது. முதல் வாரம் ஆஸ்பத்திரியில் அதைக் கேட்கும்போதெல்லாம் என்னைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து வராந்தாவுக்குப் போய் நிற்பேன். பைத்தியக்காரி. அவருக்குக் குத்திக்காட்டத் தெரியுமா? தெரிந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டாரா?

அன்றைக்கு என்றால் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு அகல்களைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். யமுனாவுக்கு ராணிப்பேட்டையிலிருந்து வரன் வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம் தாலுகா ஆபீஸில் இருந்தவர், கண்ணியமான குடும்பம். பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று தரகர் கேட்டபோது, ஹோட்டல் ஆபீஸில் இருக்கிறார் என்று நான் சொல்லியிருந்தேன். ஆபீஸில். உள்ளே, ஏசியில். தை மாதம் நிச்சயம் என்று முடிவானதும் எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த மீசையோடு போய் சபையில் உட்கார்ந்தால் நூறு பேரில் ஒருவனுக்காவது தெரியாமல் போகுமா, ஊரெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்ட மீசை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க, நிச்சயத்துக்கு முன்னாடி அந்த மீசையை எடுத்துடுங்களேன்" என்றேன். அவர் கை தட்டில் அப்படியே நின்றது. "எடுத்துட்டா வாசல்ல நிக்க விடமாட்டாங்க இந்திராணி" என்றார். "கொஞ்ச நாள்தானே. முடிதானே, வளர்ந்துடும்" என்றேன். முடிதானே. எவ்வளவு லேசாகச் சொன்னேன். அகலில் ஒட்டியிருந்த திரியைச் சுரண்டிக்கொண்டே சொன்னேன், அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சரி" என்றார். மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார், தட்டைக் கழுவி வைத்தார். மறுநாள் காலை குளியலறையிலிருந்து வந்தவரைப் பார்த்து யமுனா "அப்பா!" என்று ஒரு சத்தம் போட்டு அழுதுவிட்டாள். வெயிலில் கறுத்துப்போன முகத்தில் மேலுதடு மட்டும் வெளுப்பாக, யாரோ சின்னப் பையனுடையதைக் கொண்டுவந்து ஒட்டின மாதிரி இருந்தது. ஹோட்டலில் வாசலுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவரைப் பின்பக்கம், காய்கறி வண்டியும் லாண்டரி வண்டியும் வருகிற கேட்டுக்கு அனுப்பினார்கள். "அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நிழலா இருக்கு" என்றார். அந்த நிழலிலேயே மிச்சமிருந்த எட்டு வருஷமும் போயிற்று. ரிட்டயர் ஆன அன்றைக்கு, "இனிமேயாவது வளர்த்துக்கோங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன். "இனிமே எதுக்கு" என்றார். கோபமாகக்கூட இல்லை.

இன்றைக்குக் காலையில் முகம் துடைத்துவிடும்போது அவர் இடது கை மெதுவாக மேலே வந்தது. மீசையைத் தொட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, முனையை முறுக்குகிற மாதிரி, மேலே ஒரு தடவை போய் நழுவி விழுந்தது. மறுபடி போய் நழுவி விழுந்தது. நாளைக் காலை சம்பந்தி ஏகாம்பரம் ராணிப்பேட்டையிலிருந்து அவரைப் பார்க்க வருகிறார் என்று நேற்று யமுனா போனில் சொன்னாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினேன், கேட்டிருப்பார். அதனால்தான் வந்தேன். மத்தியானமெல்லாம் ஒரு முடிவு மனசில் உருண்டுகொண்டே இருந்தது. மீசையை நன்றாக முறுக்கிவிட்டு, தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, சம்பந்தி வந்ததும் நானே சொல்லிவிடுவது. இவர் ஆபீஸில் இல்லை, வாசலில் நின்றவர், பொய் சொன்னது நான்தான் என்று. போன் அடித்தது. யமுனா. "மா, மாமா முதல் பஸ்லயே கிளம்பிடுவாராம், ஒன்பது மணிக்கெல்லாம் வந்துடுவார். சீனி இல்லாம காப்பி கொடு." டப்பாக்களுக்கு முன்னால் நின்றபடியே சொன்னேன்: "யமுனா, நாளைக்கு அவர்கிட்ட நான் சொல்லிடப் போறேன். உங்க அப்பா என்ன வேலை பார்த்தார்னு. பதினெட்டு வருஷம் மறைச்சது போதும்." "மா... அது மாமாவுக்குத் தெரியும்மா" என்றாள். "எது?" "அப்பா டோர்மேன்னு. நிச்சயத்துக்கு முன்னாடியே தெரியும்." "யாரு சொன்னா?" "யாரும் சொல்லல. விசாரிக்கறதுக்கு ஹோட்டலுக்கே போயிருக்கார்மா. அப்பாதான் கதவைத் திறந்து விட்டிருக்கார். ஆபீஸ்ல தணிகாசலம்னு ஒருத்தரைப் பார்க்கணும்னு மாமா அப்பாகிட்டயே கேட்டிருக்கார். நான்தாங்க தணிகாசலம்னு அப்பா சொல்லிட்டார்." "அப்புறம்?" "ரெண்டு பேரும் டீ குடிச்சாங்களாம். எங்க வீட்ல வேற மாதிரி சொல்லியிருப்பாங்க, பொண்ணு நல்லா இருக்கணும்னு ஒரு ஆசை, நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கன்னு அப்பா கேட்டுக்கிட்டாராம். மாமா வீட்டுக்கு வந்து, இந்த இடத்துலதான் பொண்ணு எடுக்கணும்னு சொல்லிட்டார்."

"எப்ப?" என்று கேட்டேன். "எப்பம்மா அவர் போனது? எந்த மாசம்?" "தெரியலயேம்மா. தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னாடின்னு சொல்லுவார், மழையில நனைஞ்சுக்கிட்டுப் போனேன்னு." ஐப்பசி. ஐப்பசி என்றால் கார்த்திகைக்கு முன்னால். என் கணக்கு அங்கேயே மாட்டிக்கொண்டது, நகர மாட்டேன் என்றது. ஐப்பசியில் சம்பந்திக்குத் தெரிந்துவிட்டது. கார்த்திகையில் நான் மீசையை எடுங்கள் என்றேன். ஏற்கெனவே தெரிந்தவரிடம் மறைக்க மீசையை எடுக்கச் சொல்கிறாளே என்று தட்டில் கை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சம்பந்திக்கு எல்லாம் தெரியும்டி என்று. சொல்லவில்லை. சரி என்றார். "உனக்கு எப்ப தெரியும்?" என்று யமுனாவைக் கேட்டேன். "கல்யாணமாகி ஒரு வருஷத்துல உங்க மாப்பிள்ளை சொன்னார். நான் அப்பாகிட்ட கேட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதே, அவ தலை குனிஞ்சுடுவான்னார். அதான்... அம்மா? அழறியா? எங்க இருக்கே நீ?" "கடையில" என்றேன். "அப்பாவுக்கு மீசை மெழுகு வாங்க வந்தேன்." பிறகு அவள்தான் அழுதாள். போனை வைத்த பிறகும் காது சூடாக இருந்தது. எல்லோரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சம்பந்தி, மாப்பிள்ளை, மகள், அவர். கல்யாண வீட்டில் நான் பட்டுப்புடவை சரசரக்க, எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல என்று அளந்துகொண்டு திரிந்தபோது ஏகாம்பரம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாரே, அதற்குள் எத்தனை பெரிய மனசு இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை? என்னை வெட்கப்படுத்த வேண்டாம் என்றா? இல்லை, வேறு ஒன்று. ஊருக்கு மறைக்கத்தான் கேட்கிறேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஊருக்கு மறைக்க அங்கே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அப்படியென்றால் இவளுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை, பார்க்கக் கூசுகிறது என்று அவருக்குப் புரிந்திருக்கும். பஸ் ஜன்னலில் என்னைப் பார்த்தவர். அவர் மீசையை எடுத்தது சம்பந்திக்காக இல்லை.

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று பிரிசில்லா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். நானே சொன்னேன்: "அவர் படுத்த படுக்கையா இருக்காரும்மா. கை வராது. நான்தான் போட்டுவிடணும். எனக்குப் போடத் தெரியாது." அவள் யோசித்தாள். கெட்டியானவற்றை எல்லாம் தள்ளிவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். "இது ரொம்ப மிருது. வாசனை கிடையாது. நின்னா ரெண்டு மணி நேரம்தான் நிக்கும், ஆனா உங்க விரல் சூட்டுக்கே இளகிடும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சா வந்துடும். முதல் தடவை போடறவங்களுக்கு இதுதான் சரி." முதல் தடவை. நாற்பத்தொரு வருஷம் கூட இருந்த மனுஷனின் மீசை. "இதையே கொடும்மா" என்றேன். "சார் வெளியில வேலை பார்த்தவரா?" என்று பையில் போட்டுக்கொண்டே சும்மா கேட்டாள். "ஹோட்டல் வாசல்ல நின்னவர்" என்றேன். "டோர்மேன். இருபத்தாறு வருஷம்." அவளுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "ஓ, அதான் மீசை" என்றாள். இவ்வளவுதானா. சொன்னால் இவ்வளவுதான் ஆகுமா.

வீட்டுக்கு வரும்போது மணி ஆறு. துணைக்கு உட்கார்ந்திருந்த எதிர் வீட்டு பாக்கியம், "சமத்தா இருந்தார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெந்நீரில் துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தேன், தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைத்தேன். டப்பாவைத் திறந்ததும் அவர் கண் அதற்குப் போனது. கட்டைவிரல் நகத்தால் கொஞ்சம் சுரண்டினேன், விரல்களுக்கு நடுவில் வைத்ததுமே இளகிவிட்டது. "ஐப்பசியில சம்பந்தி ஹோட்டலுக்கு வந்தாரா?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். தலை கொஞ்சம் அசைந்தது. "அது தெரிஞ்சுகிட்டேதான் நான் சொன்னதும் எடுத்தீங்களா?" அதற்கும் அசைந்தது. "ஏங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, அதற்குத் தலையசைத்துப் பதில் சொல்ல முடியாது. நாலு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பதினெட்டு வருஷத்தில் எந்த நாள் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். என் விரலில் மெழுகு பிசுபிசுத்தது. இடது பக்கம் மீசை முனையைப் பிடித்து இழுத்தேன். அவர் இடது கை எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தேன். தள்ளவில்லை. என் கையைத் திருப்பி, மூக்குக்குக் கீழே நடுவில் கொண்டு வைத்து, அங்கிருந்து வெளியே, பிறகு மேலே, என்று மெதுவாக நகர்த்தினார். இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். நான் தப்பாகச் செய்தால் நிறுத்தினார், மறுபடி நடுவில் கொண்டுவந்து வைத்தார். கண்ணில் கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை, வேலையில் இருக்கிறவரின் கவனம் மட்டும் இருந்தது. நாலாவது தடவை இடது முனை மேலே பார்த்து நின்றது. வலது பக்கத்துக்குப் போனேன். அதையும் அப்படியே உருட்டி முறுக்கினேன், ஆனால் அது ஒரு விரற்கடை கீழே நின்றது. மெழுகு குறைவில்லை, கன்னம்தான் இறங்கியிருக்கிறது. ஒரு கைக்கண்ணாடியை அவர் மடியில் சாய்த்து வைத்துவிட்டு, என் உள்ளங்கையை அந்தக் கன்னத்துக்குக் கீழே கொடுத்து மெல்ல மேலே ஏந்தினேன். இரண்டு முனையும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அவர் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கை வலிக்க ஆரம்பித்தது. எடுத்தால் இறங்கிவிடும். அவர் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.